வாணி அப்பளம்

நந்தவனத் தெருவில் அப்பளம் சேதி சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால், அந்தத் தெருவிலேயே அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தது தவமணியின் செல்போன்தான். மதுரைக்குத் தெற்கு ஓரத்தில், வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து அப்பளம் காயப்போடுகிற தெரு அது. காலையில் கம்பெனி வண்டி வந்து உளுந்து மாவை இறக்கிவிட்டுப் போகும், பெண்கள் பலகையை முன்னால் இழுத்துப் போட்டுத் தேய்ப்பார்கள், தேய்த்ததை மாடியில் பரப்புவார்கள், உலர்ந்ததை அடுக்கிச் சாயங்காலம் அதே வண்டியில் ஏற்றுவார்கள். தவமணி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தேய்ப்பாள். புருஷன் காலமான பிறகு அவளுக்கென்று உலகத்தில் இருந்தது மகள் கோகிலவாணி ஒருத்திதான், அந்த ஒருத்தியும் புனேயில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் போய் உட்கார்ந்துகொண்டாள் என்பதால், எந்திரிச்சிட்டியா, வெந்நீர் வந்துச்சா, தலையத் துவட்டினியா, ஆபீசுக்குப் போயிட்டியா, லிப்ட்ல போகாத நின்னுபோயிரும், படியில போகாத வழுக்கும் என்று சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

வாணி பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் மேலதிகாரிகள் வட்டமாக உட்கார்ந்திருந்த கூட்டத்தின் நடுவில் அவள் போன் விடாமல் அதிர்ந்து, மேஜையிலிருந்து நகர்ந்து நகர்ந்து ஒரு அதிகாரியின் காபிக்குள் விழுந்தது. அன்றைக்கு அவளே அம்மாவைக் கூப்பிட்டாள்.

"இனிமே இப்படிக் கூப்பிட்டா போன அமத்தி வச்சிருவேன்மா. அப்புறம் நான் இருக்கேனா இல்லையான்னுகூட உனக்குத் தெரியாது."

தவமணி தேய்க்கிறதை நிறுத்தினாள். "பெத்தவ கேக்காம வேற யாரு கேப்பா?"

"கேக்காமலே தெரியிற மாதிரி பண்ணித் தாரேன். எங்க வேலையே அதுதான். முன்னாடியெல்லாம் போன்ல தொறந்து வச்சிருக்கிற பக்கம் நொடிக்கொரு தரம் சர்வரைப் போட்டு நச்சரிக்கும், 'எதுவும் இருக்கா, எதுவும் இருக்கா'ன்னு. உன்னைய மாதிரி."

"சரி, திட்டு."

"இப்பப் பக்கம் ஒரே ஒரு தடவ கதவத் தட்டி, 'நான் இங்க இருக்கேன்'னு சொல்லிட்டு உக்காந்துக்கும். லைன் தொறந்தே இருக்கும். எதாவது நடந்தா நான் இங்க ஒரு தட்டு தட்டுவேன், சர்வர் தானா உனக்கு அனுப்பும். நீயும் சும்மா உக்காரு. நான் ஆபீஸ் போனா வரும், சாப்பிட்டா வரும், ரூமுக்கு வந்தா வரும்."

"லைன் அறுந்துபோச்சுன்னா?"

"தானாத் திரும்பக் கட்டிக்கும். கடைசியா வந்தது எதுன்னு சொல்லி, விட்டுப்போனதையெல்லாம் கேட்டு வாங்கிக்கும்."

"ஒன்னுமே நடக்கலன்னா?"

"வெறும் புள்ளி ஒன்னு வரும். லைன் உசுரோட இருக்குன்னு அர்த்தம்."

"நான் திருப்பி ஒரு வார்த்த சொல்லணும்னா?"

"அது முடியாது. இது ஒருவழி" என்றாள் வாணி, கொஞ்சம் சந்தோஷமாகவே.

அப்படித்தான் வாணி செய்து அனுப்பிய அந்தப் பக்கம் தவமணியின் போனுக்கு வந்தது. வீட்டுக்குள்ளே சிக்னல் நிற்காது என்று அவளுக்கு ஒரு பயம். மேலே வைத்தால் வெயிலில் போன் வெடித்துவிடும் என்று இன்னொரு பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து, போனை மாடிக்குக் கொண்டுபோய், அப்போதுதான் பரப்பியிருந்த ஈர அப்பளம் ஒன்றின்மேல் முகம் குப்புற வைத்து, மேலே இன்னொரு ஈர அப்பளத்தைப் போர்த்தினாள். அப்பளம் குளிர்ச்சி, உளுந்து அல்லவா. இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அந்தத் தெருவில் எல்லாரும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

மத்தியானம் பக்கத்து மாடியிலிருந்து நாகரத்தினம் எட்டிப் பார்த்தாள். தவமணியைவிடப் பத்து வயது சின்னவள், நாக்கு மட்டும் மூத்தது.

"அக்கா, உன் அப்பளத்துல என்னமோ எழுதியிருக்கு."

"எறும்பு ஊறியிருக்கும்."

"எறும்பு 'வாணி குடையை மறந்தாள்'னா எழுதும்?"

தவமணி குனிந்து பார்த்தாள். எண்ணெயில் போட்டால் எழும்புகிற கொப்புளம், எண்ணெய் இல்லாமலேயே எழும்பி, வரிவரியாக, தெளிவான தமிழில் நின்றது. போனில் வந்தது இங்கிலீஷ், ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட தவமணிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கவரும். அப்பளத்தில் வந்ததை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் படிக்கலாம். அடுத்த அப்பளத்தில் 'வாணி நனைந்தாள்' என்றிருந்தது. அதற்கடுத்ததில் 'வாணி தும்மினாள்'.

"நான் சொன்னேன்ல, குடைய எடுத்துட்டுப் போன்னு" என்றாள் தவமணி. அவளுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, வருத்தப்படத்தான் இருந்தது. நாகரத்தினம் தன் பங்குக்கு, "கற்பூரவல்லிய கசக்கிச் சாறு எடுத்துக் குடிக்கச் சொல்லு" என்று குனிந்து அப்பளத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். அப்பளம் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருவழி.

இப்படியே ஒவ்வொரு மாடியாகத் தாவி, வாரம் முடிவதற்குள் தெருவின் எல்லா வேட்டியிலும் வாணி காய்ந்துகொண்டிருந்தாள். வாணி பஸ்ஸைத் தவறவிட்டாள், வாணி நீலச் சுடிதாரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள், வாணி கத்தரிக்காய் என்று நினைத்து வேறு எதையோ வாங்கினாள். ஒன்றும் நடக்காத நேரத்தில் அப்பளத்தின் நடுவில் ஒரே ஒரு புள்ளி எழும்பும், பெண்கள் அதைத் தடவிப் பார்த்து, இருக்கா பிள்ள, என்று சொல்லிக்கொண்டு அடுத்ததைத் தேய்க்கப் போவார்கள். மேகம் மூடி அப்பளம் காயாத நாளில் சேதி வராது. மறுநாள் வெயில் அடித்ததும் முதல் வரிசை அப்பளத்தில் முந்தின நாள் விட்டுப்போனது எல்லாம் பொடி எழுத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து சேரும். நாகரத்தினத்துக்கு மட்டும் ஒரு மனக்குறை.

"நான் தேய்க்கிறேன், நான் காயப்போடுறேன், உன் மக வாரா. துபாய்ல எனக்கும் ஒரு மகன் இருக்கான்ல."

"அவன் உனக்குப் பக்கம் செஞ்சு குடுத்தானா?"

"அவன் எனக்குப் போனே பண்ண மாட்டான், பக்கமாம்."

அப்பளக் கம்பெனி முதலாளி சோலைராஜன் வண்டியில் ஏறி வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அப்பளம் விஷயத்தில் கண்டிப்பு. ஒரு அப்பளத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "அப்பளம்னா கண்ணாடி கணக்கா இருக்கணும், இதென்ன அம்மை போட்ட மாதிரி. நாளையிலேர்ந்து இந்தத் தெருவுக்கு மாவு கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் அடித்தது. தேனியிலிருந்து ஒரு கல்யாண மண்டபத்துக்காரர். முதல் பந்தி சாப்பிட்டவர்கள் இலையை மடித்த பிறகும் எழுந்திருக்க மறுக்கிறார்களாம், அடுத்த பந்திக்காரர்கள் பின்னால் நின்று நாற்காலியை ஆட்டுகிறார்களாம், பஸ்ஸைத் தவறவிட்ட பெண் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்று தெரியாமல் கையலம்பப் போகமாட்டோம் என்கிறார்களாம். சோலைராஜன் போனை வைத்தார். கையிலிருந்த அப்பளத்தை ரொம்ப மெதுவாக வேட்டியில் திரும்ப வைத்தார்.

அதற்கப்புறம் அது கம்பெனிப் பேரிலேயே வாணி அப்பளம் ஆகிவிட்டது. காலைக் கட்டு, மதியக் கட்டு, மாலைக் கட்டு என்று பிரித்து, முன்பின் மாறாமல் அடுக்குவதற்கென்றே தனி ஆள் போட்டார்கள். திங்கட்கிழமைக் கட்டு வந்தது செவ்வாய்க் கட்டு வரவில்லை என்று கம்பத்திலிருந்து ஒரு மளிகைக்கடைக்காரர் வேனை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். வெறும் புள்ளி விழுந்த அப்பளத்தைக் கழித்துக்கட்டலாம் என்று நினைத்தபோது, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அதைத்தான் தேடி வாங்கினார்கள், சாப்பிட்டால் நெஞ்சுக்கு நிம்மதியாக இருக்கிறதாம். பொரித்தால் எழுத்து இன்னும் பெரிதாகும் என்பதால் கண்ணாடி போட்ட வயசாளிகள் பொரித்தும், கண் நல்லாயிருக்கிற சின்ன வயசுக்காரர்கள் சுட்டும் சாப்பிட்டார்கள். தெருப் பெண்கள் தேய்க்கிற வேகமே கூடிவிட்டது, நிறையத் தேய்த்தால் நிறையத் தெரியுமே.

தவமணி மட்டும் முதல்முறையாக மகளுக்குப் போன் பண்ணாமல் இருந்தாள். கேட்காமலே தெரிந்தது. கை ஓய்வாக, காது ஓய்வாக இருந்தது. அந்த ஓய்வு அவளுக்குப் பழக்கமில்லாததால், அதையும் ஒரு நோயாக நினைத்து அடிக்கடி நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு மழை பிடித்தது. வேட்டிகளைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டுத் தெருவே வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மழை விட்டு வெயில் சுள்ளென்று விழுந்த காலையில் எல்லாரும் மாடிக்கு ஓடினார்கள். முதல் வரிசை அப்பளத்தில் எள் விழ இடமில்லாமல் எழுத்து. அந்த நெரிசலுக்கு நடுவில் தவமணியின் கண் ஒரு வரியில் போய் நின்றது. 'வாணி ஆபீஸ் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.' அதற்குக் கீழே, 'வாணி சாப்பிடாமலே சாப்பிட்டதாக அனுப்பினாள்.' கொஞ்சம் தள்ளி மறுபடி, 'வாணி அழுதாள்.' போனைத் திருப்பிப் பார்த்தால் அதில், சாப்பாடு ஆயிற்று, ரூமுக்கு வந்தாயிற்று என்று வரிசையாக, ஒழுங்காக, ஒன்றும் நடக்காதது போல இருந்தது.

அப்பளம் நடந்ததைச் சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஏன் என்பதைத் தெரு எடுத்துக்கொண்டது. காதல்தான், வேறென்ன என்றாள் நாகரத்தினம். அல்சர், பூனாத் தண்ணி அப்படி என்றார் வண்டி ஓட்டுகிறவர். மேலதிகாரி சரியில்லை என்று கம்பத்திலிருந்தும், யாரோ கண் வைத்துவிட்டார்கள், ஊரே சாப்பிட்டால் கண் படாதா என்று தேனியிலிருந்தும் சொல்லியனுப்பினார்கள். தவமணிக்குச் சோறு இறங்கவில்லை. போனை எடுப்பாள், எண்ணைத் தேடுவாள், அமத்தி வச்சிருவேன் என்று மகள் சொன்னது ஞாபகம் வரும், கீழே வைப்பாள்.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் சோலைராஜன் கட்டு ஏற்ற வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"தவமணி, அழுகை நல்லாப் போகுதும்மா" என்றார்.

தவமணி அவரையே பார்த்தாள். அவர் எதுவும் தப்பாகச் சொல்லவில்லை. நல்லாப் போவது எல்லாவற்றையும் அவர் அப்படித்தான் சொல்வார். ஆனாலும் அன்றைக்குக் கட்டை அவர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் காலையில் வாணியே கூப்பிட்டாள்.

"என் இலையில, அம்மா" என்றாள். வேறு முன்னுரை இல்லை. "இங்க தமிழ் மெஸ்ஸுல நேத்து மதியம் உக்காந்தேன். மதுரையிலேருந்து வந்த அப்பளம் வச்சாங்க. அதுல நான் அழுதுக்கிட்டு இருக்கேன். பக்கத்துல உக்காந்திருந்த ஆளு அதப் படிச்சிட்டு என் கழுத்துல தொங்குற அட்டையில பேரப் பாத்து, 'நீங்கதானா அது'ன்னு கேக்குறான். காரைக்குடிக்காரன். முதல் கட்டுலேருந்து விடாமச் சாப்பிடுறானாம். நான் அந்த நீலச் சுடிதாரை எடுத்திருக்கணுமாம்."

"எடுத்திருக்கலாம்" என்று தவமணியின் வாய் தன்னால் சொல்லிவிட்டது.

வாணி குரலை உயர்த்தினாள். "அந்தப் பக்கத்த மூடும்மா."

"நீ அங்கிட்டு மூடேன்."

"நான் நேத்தே நிறுத்திட்டேன். சர்வரையே அணைச்சுப் பாத்துட்டேன். உன் போன்ல தொறந்து கிடக்கு, அதனால வந்துக்கிட்டே இருக்கு. நீதான் மூடணும். மூடினா மறுபடி தொறக்காது."

"மூடிட்டா நீ இருக்கியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமத்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வாணி வைத்துவிட்டாள்.

தெருவில் இது ரகசியமாக இருக்க வழியில்லை. 'வாணி போனை வைத்தாள்' என்று அப்பளத்திலேயே வந்துவிட்டது. சோலைராஜன் வண்டியில்லாமல் நடந்தே வந்து, ஊரே சாப்பிடுதும்மா, ஊர் வாயை எப்படி அடைக்கிறது என்றார். அடுக்குவதற்கு வந்திருந்த ஆள், எனக்கு இதுதான் வேலை என்று மூக்கைச் சிந்தினான். பெண்களெல்லாம் தவமணியின் மாடிக்கு ஏறி வந்து, போனைச் சுற்றி, அதற்கு ஏதோ உடம்பு சரியில்லாதது போல நின்றார்கள்.

"மூடிட்டா அவளப் பத்தி உனக்கே ஒன்னும் தெரியாதேக்கா" என்றாள் நாகரத்தினம். அதில் குத்தல் இல்லை, நிசமான பயம் இருந்தது. "என்னைய மாதிரி ஆயிருவ."

அது தவமணிக்கும் தெரிந்தேயிருந்தது. ரெண்டு நாளாக அந்த ஒரு யோசனைதான் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூடினால் மகள் கோபம் தீரலாம், தீராமலும் போகலாம். தீராவிட்டால் போனில் பக்கமும் இல்லை, மகள் குரலும் இல்லை. அப்போது கடைசி வேட்டியில் ஒரு அப்பளம் கொப்புளித்தது. நாகரத்தினம்தான் குனிந்து, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாள்.

"'வாணி அம்மாவின் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.'"

எல்லாரும் நெருங்கினார்கள். பக்கத்து அப்பளமும் கொப்புளித்தது.

"'இன்னும் உட்கார்ந்திருக்கிறாள்.'"

"நகருங்க, நகருங்க, மறைக்காதீங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சோலைராஜன் செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நின்று பார்த்தார். ஒரு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்ணை, கூரையைப் பிரித்துவிட்டு இத்தனை தலைகள் குனிந்து பார்க்கிற மாதிரி தவமணிக்குத் தோன்றியது. அந்தத் தலைகளில் முதல் தலை தன்னுடையது என்பதும் தோன்றியது. அவள் இரண்டு அப்பளத்துக்கும் நடுவிலிருந்து போனை உருவினாள், மாவு ஒட்டிய கட்டைவிரலால் அந்தப் பக்கத்தை மேலே தள்ளினாள். அது போய்விட்டது.

தெருவின் எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில், பால் பொங்கி அடங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கொப்புளங்கள் அமுங்கின. அப்பளங்கள் கண்ணாடி கணக்காக வெயிலில் கிடந்தன, சோலைராஜன் முன்னொரு காலத்தில் ஆசைப்பட்டபடி.

அதன்பின் தெரு தவமணியைக் கேட்க ஆரம்பித்தது. சேதி தானாக வராவிட்டால் கேட்டுத்தானே ஆகவேண்டும். பால்காரர் மணியடிப்பதற்கு முன்னால், வாணி எந்திரிச்சிருச்சா என்றார். தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஒருத்தி, சாப்டுச்சா என்றாள். அவள் போனதும் இன்னொருத்தி, சாப்டுச்சா என்றாள். முதலாமவள் திரும்பி வந்து, இப்பவாவது சாப்டுச்சா என்றாள். தெரியாது என்றால் நம்பவில்லை. மறைக்கிறாள் என்றார்கள். தேனி மண்டபத்துக்காரர் பந்திக்குப் பந்தி கூப்பிட்டார். கம்பத்துக்காரர் தினமும் கூப்பிட்டார். எப்படியோ எண்ணைப் பிடித்துக்கொண்டு காரைக்குடிக்காரன் கூப்பிட்டு, அவங்க மெஸ்ஸுக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க, எதுவும் தகவல் உண்டா என்றான். போன் விடாமல் அதிர்ந்து, அப்பளப் பலகையில் நகர்ந்து நகர்ந்து மாவுக்குள் இறங்கியது. அமத்தி வைத்துவிடலாம் என்று தவமணியின் கை எத்தனையோ முறை போயிற்று. அமத்தினால், வாணி கூப்பிட்டால் தெரியாமல் போய்விடுமே என்று கை திரும்பியது. ஆகவே ஒவ்வொரு அழைப்பையும், அது வாணியாக இருக்கலாம் என்று ஓடிப்போய் எடுத்தாள். ஒவ்வொரு முறையும் அது வாணியைப் பற்றிக் கேட்கிற யாரோவாக இருந்தது.

ஒரு மத்தியானம் உச்சி வெயிலில் அப்பளம் திருப்பிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எண்ணைக்கூடப் பார்க்கவில்லை.

"சாப்பிட்டாளோ பட்டினி கிடந்தாளோ, எனக்குத் தெரியாதுய்யா. சும்மா சும்மா கூப்பிட்டா மனுஷி என்னதான் செய்வா? வைய்யி."

"சாப்பிடல" என்றது போன்.

தவமணி அப்பளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யாரும்மா உன்னைய அப்படிப் பாடாப் படுத்துறது?" என்று வாணி கேட்டாள். குரல் அடைத்துக்கொண்டிருந்தாலும் உள்ளே எங்கோ சிரிப்பு இருந்தது.

"ஊருபூரா."

"கஷ்டமா இருக்கா?"

"இருக்கு" என்றாள் தவமணி. சேலையில் ஒட்டிய அப்பளத்தைப் பிய்த்துக்கொண்டே, "ரொம்ப இருக்கு" என்றாள்.

தவமணியின் நாக்கு நுனியில் கேள்விகள் வரிசை கட்டி நின்றன, ஏன் அழுத, யாரு என்ன சொன்னா, உடம்புக்கு என்ன, ஏன் சாப்பிடல. அவற்றை எல்லாம் பல்லைக் கடித்து உள்ளே தள்ளிவிட்டு, ஒரே ஒரு வார்த்தையை வெளியே விட்டாள்.

"சொல்லு."

வாணி சொன்னாள். யாரும் எதுவும் செய்துவிடவில்லையாம். அந்த ஆபீசில் யார் வந்தார்கள், யார் போனார்கள், யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பிறந்தநாள் என்று எல்லாம் எல்லாருடைய திரையிலும் தானாக வந்து விழுந்துவிடுமாம். எல்லாருக்கும் எல்லாம் தெரியுமாம், அதனால் ஒருத்தரும் ஒருத்தரைப் பார்த்து எதுவும் கேட்கமாட்டார்களாம்.

"நீயும் கேக்குறத நிறுத்திட்ட."

"நீதான நிறுத்தச் சொன்ன."

"நான்தான் சொன்னேன்" என்றாள் வாணி. "தப்புன்னு சொல்லல. அந்தக் காபிய நெனச்சா இப்பவும் மானம் போகுது." பிறகு, வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது, விடவும் பயமாக இருக்கிறது, இன்னும் முடிவு பண்ணவில்லை, இதை யாரிடமும் சொல்லவில்லை என்றாள். தவமணி விடு என்று சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. அப்புறம் என்றாள். வாணி இன்னும் கொஞ்சம் சொன்னாள். அப்புறம் என்றாள். வெயில் இறங்கி அடுத்த மாடிக்குப் போகிற வரைக்கும் வாணி பேசினாள். அம்மாவின் போனில் மகள் இவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை.

"தினம் ஒரு தடவ கேளு. ஒரே ஒரு தடவ" என்றாள் கடைசியில்.

"ரெண்டு."

"அம்மா."

"சரி, ஒன்னு. ஆனா நான் கேக்குற நேரத்துல நீ எடுக்கணும்."

கீழே இறங்கி வந்தபோது வாசலில் கூட்டமாக நின்றார்கள். இவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள், அது அந்தக் காரைக்குடிக்காரனாக இருக்க முடியாது என்று கணித்துவிட்டிருந்தார்கள். சோலைராஜன் வந்திருந்தார், அடுக்குகிற ஆள் வந்திருந்தான், பால்காரர் பால் இல்லாத நேரத்தில் வந்திருந்தார். நாகரத்தினம் முன்னால் நின்றாள்.

"என்னக்கா சொல்லுச்சு?"

தவமணியின் வாழ்நாளில் தெரிந்த ஒன்றை அவள் சொல்லாமல் இருந்ததில்லை, தெரியாததைக்கூடச் சொல்லியிருக்கிறாள். வாய் திறந்தது. எல்லாரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்கள்.

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்றாள் தவமணி.

யாரும் நகரவில்லை. அந்தத் தெருவில் அப்படி ஒரு பதிலை யாரும் அதுவரை கேட்டதில்லை என்பதால், அதற்கு அடுத்து என்ன கேட்பது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. சோலைராஜன் அவள் முகத்தை, வெயிலுக்குப் பிடித்த அப்பளத்தைப் பார்க்கிற மாதிரி, இப்படியும் அப்படியும் பார்த்தார். அதில் ஒரு எழுத்தும் எழும்பவில்லை.

"கொஞ்சம் வழிய விடு நாகு, மாவு காயுது" என்று சொல்லி, அவர்களுக்கு நடுவில் புகுந்து உள்ளே போய், தவமணி பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.